தொண்டின் பெயரால் சுரண்டலா?

செவிலியர் கல்வியை முடித்துத் தனியார் மருத்துவமனையொன்றிற் பணியேற்ற மூன்றாந் திங்களிலேயே, விலகுவதா நிற்பதா என்று கலங்கும் இளம்பெண்கள் பலர். ஈகமே செவிலிக்கு அணிகலன் என்று அவர்க்கு அறிவுரை கூறுவோர் மிகுதி. அவர்தம் ஊதியச் சீட்டைப் பார்ப்போரோ அரியர்.

முதற்கண் இரண்டைப் பிரித்துணர வேண்டும். புதுமையால் வருந் துன்பம் ஒன்று. அமைப்பால் வருந் துன்பம் மற்றொன்று. இரவுப் பணியில் உடல் தளர்தலும், ஊசி செலுத்துங்கால் கை நடுங்குதலும், மூத்தோர் கடிந்துரைத்தலும் முன்னதன்பாற்படும். அவை பழகப் பழகத் தேயும். அவற்றின்பொருட்டு விலகுதல் கற்ற கல்விக்குக் குறையே. ஆனால், பொதுமருத்துவப் பகுதியில் ஐந்து நோயர்க்கு ஒருவர் என்று இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவு இருக்க, இருபதின்மரை ஒருத்தியின் தலையில் ஏற்றுவதும், வார ஓய்வை மறுப்பதும், மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைப்பதும் பழகப் பழக வளர்வன. மருந்தளவு மாறி ஓருயிர் போயின், பழி ஆட்குறைத்த முதலாளியைச் சேராது; கண்ணயர்ந்த செவிலியையே சேரும்.

2016 சனவரியில் உச்ச முறைமன்றம் இட்ட ஆணையின்படி நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் திங்களூதியம் 20,000 உருபாவிற்குக் குறைதலாகாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டதில் அரசுச் செவிலியர்க்கு ஒப்பாதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பல மருத்துவமனைகளில் அஃது ஏட்டளவிலேயே நிற்கின்றது. அரசும் இக்குறைக்கு விலக்கன்று. 2015இல் தேர்ந்தெடுத்த செவிலியர்க்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் 7,700 உருபாவே. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடிய பின்னரே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

ஆதலின், குறையை முதலில் எழுத்தில் கொடுத்துப் படியை வைத்துக்கொள்க. திருந்தாவிடின் விலகுவது கோழைமையன்று, தன்மானமே. ஆயின், நோயரை நடுவே விட்டு நீங்குதல் அறமன்று. முறைப்படி அறிவித்து, பொறுப்பை ஒப்படைத்து, பட்டறிவுச் சான்று பெற்று விலகுக. ஒப்பந்தத் தொகையைக் காட்டி மிரட்டினால் அஞ்ச வேண்டா. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஏற்ற அளவான இழப்பீட்டையே ஒப்புகின்றது.

ஒருத்தி விலகினால் அவ்விடத்திற்கு மற்றொருத்தி வருவாள். கொடுமை அங்கேயே இருக்கும். விலகினும் நிற்பினும் செவிலியர் ஓரணியாய்ச் சேர்தலே முடிந்த மருந்து. பிறர் நோய் தீர்க்குங் கைகள் தம் தளையையும் தாமே அறுக்கட்டும்!