வீட்டுத் தோட்டம்: கன்று நலமானால் கனி நலமாகும்



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தோட்டப்புற மக்களுக்கு இதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. செம்பனை நர்சரியில் வேலை பார்த்த தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். மாதக் கணக்கில் பையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றானாலும், குட்டையாக நின்றால், இலை கோணலாக விட்டால், தயவு பார்க்காமல் கழித்துவிடுவார்கள். அப்படி ஒரு கன்றைத் தப்பவிட்டால் இருபது ஆண்டுக்கு மேல் அந்த இடம் வீண்தான். நம் நாட்டு ரப்பர் தொழிலுக்கு வித்தாக அமைந்தவையும் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள்தானே!

ஆனால், ஸ்ட்ராபெரி என்றதும் இந்த அறிவை மறந்துவிடுகிறோம். கேமரன் மலைக்குப் போனால் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று கண்ணில் பட்ட கன்றை வாங்கி வருகிறோம். மலையிலே குடியிருப்பவர்களில் சிலர், வீட்டருகே உள்ள துண்டு நிலத்தில் இரசாயனம் இல்லாமல் பயிரிட்டு நாலு காசு பார்க்கலாம் என்று கையிருப்பைப் போடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இம்முறை முக்கியமாகச் சொல்கிறேன்.

மருந்து அடித்துப் பயிர் செய்கிறவருக்கு, நோய் வந்த பிறகும் ஓரளவு தப்பிக்க வழி உண்டு. இயற்கை முறையில் செய்கிறவருக்கு அந்த வழி குறுகியது. ஆகவே, அவருக்கு முதல் மருந்து நல்ல கன்றுதான்.

ஏன் என்கிறீர்களா? ஸ்ட்ராபெரியைப் பெரும்பாலும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய்ச்செடி கொடிபோல் ஓடுதண்டு விடும். அதன் கணுவில் குட்டிச்செடி வேர் பிடிக்கும். வாழைக்குப் பக்கக்கன்று மாதிரிதான். தாயின் குணம் குட்டிக்கு அப்படியே வரும். தாயின் நோயும் வரும். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால், அதை எந்த மருந்தும் தீர்க்காது. அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்துச் செடிகளுக்கும் கொண்டுபோகும். அழுகல் நோயோ, கன்று பச்சைப் பசேலென்று இருக்கும்போதே உள்ளே ஒளிந்திருக்கும். மண்ணில் ஒரு தடவை இறங்கிவிட்டால் ஆண்டுக் கணக்கில் போகாது.

இதனால்தான் நல்ல நர்சரிகள் செடியின் மிகச் சிறிய நுனிக் குருத்தை வெட்டியெடுத்து, கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, நோயற்ற தாய்ச்செடியை உண்டாக்குகின்றன. பிறகு பூச்சி நுழையாத வலைக்கூடாரத்தில் அதைப் பெருக்குகின்றன.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஸ்ட்ராபெரிக்குப் பேர்போனது. அங்கே நர்சரி மண்ணிலுள்ள கிருமிகளைக் கொல்ல மெதில் புரோமைட் என்னும் நச்சு வாயுவைச் செலுத்தினார்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி பணக்கார நாடுகளில் 2005-க்குள் அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால், ஊர்விட்டு ஊர் போகும் கன்றுகள் நோயைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காக, நர்சரிகளுக்கு அதன் பிறகும் விலக்கு இருந்தது. இயற்கை முறைக் கன்று கிடைக்காதபோது வேறு கன்றை நடலாம் என்று அந்நாட்டு விதியும் இடம் கொடுக்கிறது. ஆகவே, இயற்கைப் பழம் என்று விற்றதில் பல, நச்சு வாயு பாய்ந்த மண்ணிலே பிறந்த கன்றின் பழங்கள்! நர்சரி மாறாமல் பயிர் முழுவதும் மாறாது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நம் கேமரன் மலையிலும் பல பண்ணைகளில் தேங்காய் நார்த்தூள் பைகளில் நட்டு, உரம் கரைத்த நீரைக் குழாய் வழியே விடுகிறார்கள். இரசாயன உரம் கரைத்தால், பூச்சிமருந்து அடிக்காவிட்டாலும் அது இயற்கை முறை ஆகாது. விவசாய இலாகாவின் மைஆர்கானிக் சான்றிதழ் உள்ள பண்ணையா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

கன்று வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

பையைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் நல்லது, கறுத்திருந்தால் வேண்டாம். நிறைய வாங்குவதாக இருந்தால், ஒரு கன்றின் நடுத்தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பு நிறம் ஓடியிருந்தால் அழுகல் நோயாக இருக்கலாம். இலையின் அடிப்புறத்தில் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கியதும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு போட்டிருந்த மண்ணில் நடாதீர்கள். வாடல் நோய் தங்கியிருக்கும். இலை கிளம்பும் குருத்து மண் மட்டத்தில் இருக்கட்டும். புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் காயும்.

நலமான செடிகளில் சிலவற்றைத் தனியே வைத்து, நீங்களே ஒரு சிறு நர்சரி போடலாம். அவற்றின் பூவைக் கிள்ளிவிட்டால் ஓடுதண்டு நன்றாக விடும். குட்டியை ஒரு சிறு பையில் பதித்து, வேர் பிடித்ததும் தண்டை வெட்டிவிடுங்கள். பழத்துக்கென்று வைத்த செடியில் ஓடுதண்டை நறுக்கிவிட வேண்டும். ஒரே செடியிடம் பழமும் குட்டியும் கேட்டால் இரண்டும் மெலிந்துபோகும்.

கீழ்நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கன்று விற்றால் ஏமாறாதீர்கள். நம் வெப்பத்தில் செடி பிழைத்தாலும் பழம் சரியாகக் காணாது. அதற்குப் பதில் முசுக்கட்டை, அதாவது மல்பெரி, வையுங்கள். நோயில்லாத மரத்தில் பென்சில் கனத்துக் குச்சியை வெட்டி நட்டால் துளிர்க்கும். மருந்தே வேண்டாம், பிள்ளைகள் வாய் சிவக்கத் தின்பார்கள்.

மலிவான கன்று என்று நாலு வெள்ளி மிச்சம் பிடித்து, நிலத்தைப் பறிகொடுக்காதீர்கள். பழத்துக்குச் செலவிடும் கவனத்தில் பாதியைக் கன்றுக்குக் கொடுங்கள். மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும்.