பழைய நாற்காலி, புதிய பில்!

மும்பையில் இப்போது ஒரு புது வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. பழமையை விற்கிற வியாபாரம்!

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் "அந்தக் காலத்து" ஓட்டல்கள் முளைத்து வருகின்றன. வளைந்த முதுகு வைத்த கறுப்பு மர நாற்காலி, சலவைக்கல் பதித்த மேஜை, கண்ணாடி ஜாடியில் பிஸ்கட், சுவரில் டிராம் வண்டிப் படம், மூலையில் ஊதுகுழல் வைத்த கிராமபோன் பெட்டி. கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. உள்ளே நுழைந்தால் 1950-ம் ஆண்டு!

இவை எதைப் பார்த்துச் செய்த நகல் என்பது இந்த ஊரில் பத்து வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியும். ஈரானி கடைகளைப் பார்த்துத்தான்.

இப்படிப்பட்ட ஓட்டல் ஒன்று சயானுக்கும் செம்பூருக்கும் நடுவே திறந்திருக்கிறது. அங்கே போய் வந்த நம்மவர்கள் சிலர் சொன்னதையும், நானே இரண்டு முறை போய்ப் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். இதே கதைதான் பல இடங்களிலும் நடக்கிறது.

அசல் எப்படி இருந்தது?

ஈரான் நாட்டில் யஸ்து, கெர்மான் பக்கத்தில் இருந்து 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பம்பாய்க்கு வந்தவர்கள் ஆரம்பித்த கடைகள் அவை. அவர்களும் நம்மைப்போலப் பிழைக்க வந்தவர்களே. தெருமுனைக் கடை ராசி இல்லாதது என்று உள்ளூர் வியாபாரிகள் ஒதுக்கினார்களாம். அதனால் முனைக் கடைகள் ஈரானியருக்குச் சுலபமாகக் கிடைத்தன என்று சொல்வார்கள். இரண்டு தெருக் கூட்டமும் ஒரே கடைக்கு வந்தது!

தோபி தலாவில் உள்ள கியானி கடை 1904-ல் தொடங்கியது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு எதிரே பி.மெர்வான் 1914-ல் தொடங்கியது. பல்லார்டு எஸ்டேட் பிரிட்டானியா 1923. மெர்வான் கடையில் விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும் என்றும், மாவா கேக் காலையிலேயே தீர்ந்துவிடும் என்றும் எங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் சொல்வார்கள். இரவு டியூட்டி முடித்த ரயில்வேக்காரனுக்கு அந்த நேரத்தில் வேறு யார் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்?

அந்தக் கடைகளில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. கல்லாவில் இருக்கும் முதலாளி இருந்த இடத்தில் இருந்தே எல்லா மேஜைகளையும் பார்த்துக்கொள்ளலாம். (புதிய ஓட்டலிலும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். பார்க்கிற வேலையைக் கூரையில் உள்ள கேமரா செய்கிறது.)

"அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே" என்று பலகையும் தொங்கும். பாஸ்தானி என்ற ஈரானி கடையின் பலகையை வைத்து நிஸ்ஸிம் எசக்கியல் ஓர் ஆங்கிலக் கவிதையே எழுதினார். ஆனால், "சீக்கிரம் எழுந்து போ" என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரு "பானி கம்" டீ, ஒரு பன் மஸ்கா. அதை வைத்துக்கொண்டு பேப்பர் முழுவதையும் படித்து முடிக்கலாம். மில் தொழிலாளி, டாக்சி டிரைவர், கல்லூரி மாணவன், வேலை தேடி வந்தவன் எல்லோருக்கும் அதே நாற்காலி. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழுகிற ஊரில், உட்கார்ந்து மூச்சு விட ஓர் இடம் கிடைத்தது.

நம்முடைய பெரியவர்களில் எத்தனையோ பேர் அந்த மேஜையில் வைத்துத்தான் வேலைக்கு மனு எழுதினார்கள்.

வாடகைக் கணக்கு

ஈரானி முதலாளிகள் எல்லாம் தர்மப் பிரபுக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தாராளத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1947-ம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், பழைய கட்டிடங்களின் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் கட்டிப்போட்டது. "பகடி" கொடுத்துக் குடியேறிய கடைக்காரர் பல ஆண்டுகள் சொற்ப வாடகையே கொடுத்து வந்தார். 1999-ம் ஆண்டுச் சட்டமும் பழைய குடித்தனக்காரர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது. நீங்கள் ஒரு டீயுடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

காலப்போக்கில் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். முனை மனைக்கு விலை ஏறியது. சில நூறாக இருந்த ஈரானி கடைகள் சில பத்தாகக் குறைந்தன.

புதிய ஓட்டல்காரர் சதுர அடிக்கு இன்றைய வாடகை கொடுக்கிறார். ஒரே மேஜையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஆள் மாறினால்தான் அவருக்குக் கட்டும். இது நியாயமான கஷ்டம்தான். ஆனால் அவர் சுவரில் எழுதி வைத்திருப்பது என்ன? "அவசரம் இல்லாத நாட்களுக்கு வாருங்கள்" என்று! மேஜை மீது வைத்திருக்கும் சின்ன அட்டையில் என்ன இருக்கிறது? "ஒரு மேஜைக்கு 45 நிமிடம் மட்டும்!"

என்னுடன் வேலை செய்யும் டோம்பிவிலி நண்பர் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும் விஷயம் பேச, பையன் வீட்டாரை அங்கே வரச் சொல்லியிருந்தார். வீட்டில் இடம் இல்லை. கோவிலில் கூட்டம். பாதிப் பேச்சில் பில் வந்துவிட்டது. கேட்காமலே! சீர் வகை பேச வேண்டிய இடத்தில் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டு முழித்தார்கள். மீதியை ரயில்வே பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். சம்பந்தம் கூடிவிட்டது என்பது வேறு விஷயம்.

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்கு வாசலிலேயே அனுபவம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் ஆன சந்தோஷத்தில் மனைவி, மகளுடன் போயிருக்கிறார்.

"தம்பி, உள்ள டேபிள் காலியாத்தான் கிடந்துது. வாசல்ல நிக்கவன் எங்க செருப்பைப் பாக்கான். பொறவு 'புக்கிங் இருக்கா'ன்னு கேக்கான். டீ குடிக்கதுக்கு என்ன புக்கிங் வேண்டிக் கிடக்கு? பிள்ளை முகம் வாடிப் போச்சு. வாங்க போவோம்னுட்டேன்" என்றார்.

உள்ளே அவர்கள் மாட்டியிருக்கும் பெரிய படம் எது தெரியுமா? மில் தொழிலாளிகள் தோளில் துண்டுடன் டீ குடிக்கிற படம்! துண்டு போட்டவர் சுவரில் இருக்கலாம். வாசலில் நிற்கக்கூடாது. 1982-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மூடிக் கிடந்த மில் வளாகங்களில் இன்று எத்தனை சாப்பாட்டு விடுதிகள்! அங்கேயும் புகைபோக்கி அலங்காரப் பொருள்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பெண்கள் தனியாகப் போய் உட்கார்ந்து டீ குடிக்க முடிகிறது. யாரும் முறைப்பதில்லை. கழிவறை சுத்தமாக இருக்கிறது. பல பழைய கடைகளில் இது கிடையாது. பன்னும் வெண்ணெயும் நல்ல சரக்கு.

மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அவருடைய பேரன் அங்கே அழைத்துப் போனான். பெரியவருக்கு 79 வயது. சுவரில் இருந்த டிராம் படத்தின் முன் நின்றுவிட்டார். 1964 மார்ச் 31-ம் தேதி இரவு போரி பந்தரில் இருந்து தாதருக்குக் கடைசி டிராம் போனபோது, வழியில் நின்று பார்த்த கூட்டத்தில் அவரும் ஒருவர். பரிமாறும் பையன்கள் சுற்றி நின்று கதை கேட்டார்கள். மானேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இன்னொரு டீ கொடுத்து, காசு வேண்டாம் என்றார்.

பிறகு பெரியவர் ஒன்று சொன்னார்: "தம்பி, இது நம்ம ஊர் டிராம் இல்லை. நெற்றியில் வங்காள எழுத்து இருக்கிறது பாருங்கள். இது கல்கத்தா வண்டி."

மானேஜர் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆகிறது. படம் அப்படியே இருக்கிறது.

இதோ பில்!

இந்த ஓட்டலில் பில்லை வெறும் தாளாகக் கொடுப்பதில்லை. பழைய ரயில் டிக்கெட் மாதிரி தடித்த அட்டையில் சொருகிக் கொடுக்கிறார்கள். எங்கள் மூத்த குமாஸ்தாக்கள் தேதி இயந்திரத்தில் "டக்" என்று குத்திக் கொடுத்தார்களே, அந்த அட்டை டிக்கெட்! கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் வேலைக்குச் சேர்ந்ததால் அதைக் கையால் கொடுக்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அட்டையில் "மூன்றாம் வகுப்பு" என்று அச்சடித்திருக்கிறார்கள். ரயில்வே 1974-ல் ஒழித்த மூன்றாம் வகுப்பு இங்கே உயிரோடு இருக்கிறது. அட்டையில் மட்டும்!

நானும் என் நண்பரும் சாப்பிட்டது இது: பன் மஸ்கா இரண்டு, 280 ரூபாய். டீ இரண்டு, 180. தண்ணீர் கேட்டதும் கேள்வி இல்லாமல் உடைத்து வைத்த பாட்டில், 60. ஆக 520 ரூபாய். அதற்கு மேல் "சர்வீஸ் சார்ஜ்" 10 சதவீதம், 52 ரூபாய். இரண்டையும் கூட்டிய 572 ரூபாய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 28 ரூபாய் 60 காசு. மொத்தம் 600 ரூபாய் 60 காசு. ஸ்டேஷன் வாசலில் கட்டிங் டீ பத்துப் பன்னிரண்டு ரூபாய்.

விலையைப் பற்றி நான் சண்டை போடவில்லை. விலைப்பட்டியலில் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு உட்கார்வதும் உட்காராததும் நம் இஷ்டம். சர்வீஸ் சார்ஜ் அப்படி அல்ல. அது வரி அல்ல. அரசாங்கத்துக்குப் போவதும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி விதிமுறை வெளியிட்டது. எந்த ஓட்டலும் சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது. வேறு பெயரிலும் வாங்கக்கூடாது. கொடுக்காதவரை உள்ளே விட மறுக்கக்கூடாது. அதையும் சேர்த்து ஜி.எஸ்.டி. போடக்கூடாது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந் தேதி டில்லி ஐகோர்ட்டு அந்த விதிமுறைகள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

நான் மானேஜரிடம் அமைதியாகச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. வேறு பில் வந்தது: 546 ரூபாய். அதாவது இவர்களுக்கும் சட்டம் தெரியும். கேட்பவருக்கு நீக்குகிறார்கள், கேட்காதவரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். பக்கத்து மேஜையில் இருந்த குடும்பம் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் பில் வந்தால் கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம்மில் அதிகம். கூச்சம் வேண்டாம். நீக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அந்த 52 ரூபாய் பரிமாறிய பையனுக்குப் போய்ச் சேருகிறதா? அவனையே கேட்டேன். தோள்பட்டை வார் வைத்த கால்சட்டையும் தட்டைத் தொப்பியும் போட்டு, சினிமாவில் வருகிற மாதிரி நிற்கிறான். பேச்சைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. தாராவி 90 அடி சாலைப் பையன்!

"எங்களுக்கு எவ்வளவு வருதுன்னு தெரியாதுண்ணே. சம்பளத்தோட சேர்த்துட்டோம்னு சொல்றாங்க. தொப்பி போடாம நின்னா மட்டும் கரெக்டா புடிச்சிருவாங்க" என்றான்.

"நீ டீ எங்கே குடிப்பாய்?"

"பின்னாடி டப்ரியிலதாண்ணே."

அவன் கையில் தனியாக 30 ரூபாய் கொடுத்தேன். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அப்படிக் கொடுங்கள்.

வேஷம் போடாத பழைய கடைகள் நம் பக்கத்திலேயே இருப்பதையும் சொல்ல வேண்டும். கிங்ஸ் சர்க்கிளில் 1940-ல் தொடங்கிய கபே மதராஸ். மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி 1942-ல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி போர்டிங். அங்கேயும் நெடுநேரம் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனால், நீங்கள் ரசம் சாதத்துக்கு வரும்போதே உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். ஆனால் அவர் பசியோடு நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. காலி மேஜையைக் காட்டிக்கொண்டு யாரும் உங்களை எழுப்புவது இல்லை.

புதிய ஓட்டல்காரர்களுக்கு ஒரு யோசனை. கடையைக் காலை 8 மணிக்குத் திறக்கிறீர்கள். 11 மணி வரை பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. நான் இரண்டு நாளும் எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்று மணி நேரம், வாசலை ஒட்டிய இரண்டு மேஜைகளை ஒதுக்கி, 20 ரூபாய்க்கு ஒரு டீ, நேரக் கட்டுப்பாடு இல்லை, புக்கிங் வேண்டாம் என்று பலகை வையுங்கள். நாலு மொழிப் பேப்பர் வாங்கிப் போடுங்கள். பாட்டில் அல்லாத தண்ணீரும் ஒரு கூஜாவில் இருக்கட்டும். இரவு டியூட்டி முடித்து வருகிறவர்கள் குர்லாவிலும் சயானிலும் நிறையப் பேர் இருக்கிறோம். பலகையில் தமிழிலும் ஒரு வரி எழுத ஆள் வேண்டும் என்றால், 90 அடி சாலைப் பையன் உங்கள் கடையிலேயே இருக்கிறான்.