சோறு நஞ்சும் அல்ல, கொலஸ்ட்ரோல் கட்டுக்கதையும் அல்ல

மாச்சத்தை ஒழித்துக் கொழுப்பை உண்ணும் உணவுமுறை, கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வட்ஸ்அப் வழியாக மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சோறு நஞ்சு, கொலஸ்ட்ரோல் மருந்துக் கம்பனிகளின் கட்டுக்கதை, மாத்திரைகளை வீசியெறியுங்கள் என்பதே அதன் வேதம். இம்மூன்றில் முதலாவது மிகை, இரண்டாவது பொய், மூன்றாவது உயிராபத்து.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். தேவைக்கு மிஞ்சிய மாச்சத்தையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றுகிறது. அவற்றைக் குறைத்தால் இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் குறையும். ஈரலிற் படிந்த கொழுப்பும் கரையும். 2007இல் களனிப் பல்கலைக்கழகத்தார் ராகமையில் நடத்திய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையானோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு, மதுவால் வராத ஈரற்கொழுப்பு காணப்பட்டது. ஆகவே கோப்பை நிறைந்த சோற்றையும் பாணையும் சீனித் தேநீரையும் குற்றமற்றவை என்று வாதிட நான் வரவில்லை.

ஆனால் சோற்றின் இடத்தில் எதை வைக்கிறோம்? வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, தேங்காயெண்ணெய் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, இரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொலஸ்ட்ரோலை அகற்றும் ஈரலின் ஆற்றல் குன்றுகிறது. சிலருக்கு, குறிப்பாக மெலிந்த உடலினருக்கு, எல்.டி.எல். வெகுவாக உயர்வதுண்டு. ட்ரைகிளிசரைட் இறங்கிய மகிழ்ச்சியில் இதனை மறைப்பது, வரவை மட்டும் காட்டிச் செலவை ஒளிக்கும் கணக்கு.

2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 609 பேர் ஓராண்டு ஒப்பிடப்பட்டனர். மாச்சத்தைக் குறைத்தவர்களும் கொழுப்பைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு, சராசரியாக 5 முதல் 6 கிலோ, எடை இழந்தனர். இரு சாராரும் சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்த்து மரக்கறியைக் கூட்டுமாறு பணிக்கப்பட்டிருந்தனர். ஈரற்கொழுப்பு உள்ளவருக்குப் பெரிதும் உதவுவது எடைக்குறைப்பே. அதற்குச் சோற்றைச் சபிக்க வேண்டியதில்லை.

மாத்திரை விடயம் இன்னும் பாரதூரமானது. கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் நீரிழிவு நோயாளி திடீரெனச் சோற்றை நிறுத்தினால், இரத்தச் சீனி சடுதியாகத் தாழ்ந்து நினைவிழக்கலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் வைத்தியர். அறிவுரை அனுப்பியவர் ரொறன்ரோவில் உறங்கிக்கொண்டிருப்பார். நோயாளியைப் போதனா வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்பவர் அயல்வீட்டுக்காரர்.

படுவான்கரையில் வயல் விதைப்பவருக்கும் வாவியில் வலை வீசுபவருக்கும் சோறுதான் உழைக்கும் பலம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் இறைச்சியும் எட்டாக்கனியானதைக் கண்ட குடும்பங்களுக்குப் பாதாம் பருப்பை உபதேசிப்பது கொடுமை. சோற்றைக் குறைத்து, வாவி மீனையும் கீரையையும் பயற்றையும் கூட்டி, சீனியையும் பொரியலையும் விலக்கினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கசிப்பு குடிப்பவரின் ஈரலையோ எந்த உணவுமுறையும் காப்பாற்றாது.

உணவை மாற்ற விரும்புவோர் தாராளமாக மாற்றட்டும். ஆனால் தொடங்குமுன்னும் மூன்று மாதங்களின் பின்னும் எல்.டி.எல். அளவையும் ஈரற் பரிசோதனையையும் வைத்தியரிடம் காட்டட்டும். அந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரது அறிவுரையை அழித்துவிடுங்கள், மாத்திரையை வீசாதீர்கள்.