மன்னிப்பும் கடன் கணக்கும்

தீங்கிழைத்தவரை மன்னிக்க வேண்டும் என்பதில் கிறித்தவர் எவருக்கும் ஐயமில்லை. மன்னிப்பது என்றால் என்ன என்பதில்தான் ஐயமெல்லாம். குடும்பத்திலோ திருச்சபையிலோ வஞ்சிக்கப்பட்ட ஒருவர் நம்முன் வந்து நின்றால், நிகழ்ந்தது என்னவென்று கேட்குமுன்பே 'மன்னித்து மறந்துவிடு' என்று சொல்லிவிடுகிறோம். இவ்வறிவுரைக்கு மறைநூலில் இடமுண்டா?

இதற்குச் சான்றாகப் பலரும் காட்டும் பகுதி மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம். ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, இயேசு அவ்வெண்ணை எழுபதால் பெருக்கிக் காட்டுகிறார். தொடர்ந்து ஒரு கதையும் சொல்கிறார். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் கெஞ்சவே, அரசன் அதனை முழுவதும் தள்ளிவிடுகிறான். அந்த ஊழியனோ வெளியே வந்ததும், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தை நெரித்துச் சிறையில் இடுகிறான்.

வெள்ளிப்பணம் என்பது அன்றைய கூலியாளின் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஆக, தள்ளப்பட்ட கடன் ஆறு கோடி நாள் கூலி. தள்ள மறுத்ததோ நூறு நாள் கூலி. பெருங்கடன் நீங்கப்பெற்றவன் சிறுகடனுக்கு இரங்க வேண்டாமா என்பதே கதையின் கேள்வி. ஆயினும் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. நூறு நாள் கூலி ஏழைக்கு அற்பத்தொகை அன்று. மூன்று மாதத்திற்கும் மேற்பட்ட உழைப்பு. அக்கடன் இல்லை என்று கதை எங்கும் சொல்லவில்லை. அரசனும் கணக்குப் பார்த்த பிறகே தள்ளுகிறான். இழப்பைத் தானே ஏற்கிறான். கணக்குப் பார்க்காமல் தள்ளுபடி இல்லை. அதே அதிகாரத்தின் 15ஆம் வசனம், குற்றம் செய்த சகோதரனிடம் தனியே சென்று அக்குற்றத்தை எடுத்துரைக்கப் பணிக்கிறது. உண்மையைச் சொல்வது முதலில். மன்னிப்பு அதன் பின்னர்.

1999 ஜனவரி 22 நள்ளிரவு கடந்து, ஒரிசாவின் மனோகர்பூர் சிற்றூரில், பாரிபதாவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்சும், பத்தும் ஆறும் வயதான அவருடைய இரு மைந்தரும், வண்டிக்குள் உறங்குகையில் எரித்துக் கொல்லப்பட்டனர். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவர்தம் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். 2004 வரை பாரிபதாவிலேயே தங்கி அப்பணியைத் தொடர்ந்தார். ஆனால் தம் மன்னிப்பைக் காட்டி வழக்கை நிறுத்துமாறு அவர் கேட்கவில்லை. தண்டனையைச் சட்டத்தின் பொறுப்பில் விட்டார். முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2005இல் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று விலக்கவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது வெறுப்பதற்குத் தமக்கிருந்த உரிமையை, உண்மையை அன்று.

நாமும் இதில் தேறியவர் அல்லோம். பணியிடத்தில் ஒருவர் நம்மீது பொய்ப்பழி சுமத்தினார். ஆண்டுகள் பல, எதிரில் கண்டால் வணக்கம் சொல்லியும் மனத்துள் வட்டி கணக்கிட்டும் வந்தோம். அதற்கு மன்னிப்பு என்று பெயரும் இட்டிருந்தோம். ஒருநாள் நேரில் சென்று, 'நீங்கள் சொன்னது பொய்; அது எங்களைக் காயப்படுத்தியது. ஆயினும் இனி அதை உங்கள்மேல் வைத்திருக்க விரும்பவில்லை' என்றோம். அவர் வருந்தவில்லை, மறுத்தார். கடன் திரும்பவில்லை. ஆனால் வட்டி கணக்கிடுவது அன்றோடு நின்றது.

ஆகவே, காயமுற்றவரிடம் மன்னிப்பைக் கட்டளையாக வைக்குமுன் அவர் கணக்கைக் கேட்போம். இழப்பை ஏற்கப்போகிறவர் அவர்தாம். அருகில் நின்று அறிவுரை கூறும் நாம் அல்லோம். பிறர் பணத்தில் தருமம் செய்வது எளிது. அதற்கு மன்னிப்பு என்று பெயர் சூட்டாதிருப்போம்.