விவரத்தின் ஆயுள் எவ்வளவு?

தேர்வு எண்ணைத் தட்டியதும் மதிப்பெண் திரையில் வந்து நிற்கிறது. இந்தச் சிறு வேலையில் இருவர் பங்கு கொள்கின்றனர். சர்வர் கணிப்பொறியில் ஓடும் ஜாவா நிரல் மதிப்பெண்ணைத் தேடி எடுக்கிறது. அதை அட்டவணையாக அமைத்துக் காட்டுவது இணையப் பக்கத்தின் பொறுப்பு. இப்படிக் கணக்கையும் காட்சியையும் பிரிக்கும் எண்ணம் புதிதன்று. நார்வே நாட்டு அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்கௌக், 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது இதற்கு ஒரு முறை வகுத்தார். ஜாவாவில் சர்வ்லெட் 1997-லும் ஜே.எஸ்.பி. பக்கங்கள் 1999-லும் வந்தன. முன்னது தேடும், பின்னது காட்டும்.

தேடியவர் காட்டுபவரிடம் விவரத்தைக் கொடுப்பது எப்படி? பெயர் எழுதி ஒட்டிய பைகளை எண்ணிக்கொள்ளுங்கள். சர்வ்லெட் 'மதிப்பெண்' என்று பெயரிட்டு விவரத்தைப் பையில் இடும். பக்கம் அதே பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். இத்தகைய பைகள் மூன்று. ரிக்வெஸ்ட் என்ற பை, ஒரு வேண்டுகோளுக்குப் பதில் போனதும் மறைந்துவிடும். செஷன் என்பது ஒருவருக்கு ஒன்று. அவர் வெளியேறும் வரையிலோ, நெடுநேரம் சும்மா இருந்து அது காலாவதியாகும் வரையிலோ இருக்கும். அப்ளிகேஷன் என்பது எல்லாருக்கும் பொது. நிரல் ஓடும் வரை இருக்கும்.

புதிதாக நிரல் எழுதுவோர் பலர், எந்தப் பையானாலும் சரி, விவரம் பக்கத்தில் தெரிந்தால் போதும் என்று நினைக்கின்றனர். இது தவறு என்பதே என் கருத்து.

முருகனின் மதிப்பெண்ணை அப்ளிகேஷன் பையில் இட்டதாகக் கொள்வோம். பக்கம் அதை எடுப்பதற்குள் வள்ளியின் வேண்டுகோள் வருகிறது. அதே பெயரில் அவளுடைய மதிப்பெண் பையில் ஏறிவிடுகிறது. முருகனின் திரையில் வள்ளியின் மதிப்பெண் தோன்றும்! சர்வ்லெட்டின் உறுப்பு மாறியில் வைத்தாலும் இதே கதிதான். ஏனெனில், வழக்கமாக ஒரே சர்வ்லெட் பொருளே எல்லாருடைய வேண்டுகோள்களையும் ஒரே சமயத்தில் கவனிக்கிறது. நிரல் எழுதியவர் தனியே அமர்ந்து சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. பலர் ஒரே நேரத்தில் தட்டும் நாளில்தான் வெளிப்படும்.

"செஷன் ஆளுக்கொன்றுதானே, அதில் வைக்கலாமே?" என்று கேட்பீர்கள். ஓர் ஆசிரியர் ஒரே பிரௌசரின் ஒரு டேபில் முருகனின் பதிவையும், மற்றொன்றில் வள்ளியின் பதிவையும் திறக்கிறார். இரண்டு டேபுக்கும் செஷன் ஒன்றே. 'இப்போது பார்க்கும் மாணவர்' என்ற பெயரில் அதில் கடைசியாக இருப்பது வள்ளியின் பதிவு. ஆசிரியர் முதல் டேபுக்குத் திரும்பி முருகனின் மதிப்பெண்ணைத் திருத்தினால், திருத்தம் வள்ளியின் பதிவில் போய் விழும்.

செஷனை நாடுவோர்க்கு ஒரு காரணம் உண்டு. நிரல் பிரௌசரை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும்போது புதிய வேண்டுகோள் பிறக்கிறது. பழைய ரிக்வெஸ்ட் பையில் வைத்தது போய்விடுகிறது. இது உண்மையான தொல்லைதான். ஆனால் தேர்வு எண்ணை மட்டும் முகவரியோடு அனுப்பி, மதிப்பெண்ணை மறுபடி தேடி எடுக்கலாம் அல்லவா? கேட்பவருக்கு அதைக் காணும் உரிமை உண்டா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். தேடுவது ஒருமுறை கூடும். ஆள் மாறாட்டம் நேராது.

ஆகவே, விவரத்தைப் பையில் இடுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது யாருக்கு? எவ்வளவு நேரத்துக்கு? ஒரு பக்கத்தைக் காட்ட மட்டும் வேண்டியது ரிக்வெஸ்டில் இருக்கட்டும். உள்ளே வந்திருப்பவர் யார் என்பது செஷனில் இருக்கலாம். பாடங்களின் பட்டியல் போல எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதே அப்ளிகேஷனுக்கு உரியது. இன்று பெரிதும் பயன்படும் ஸ்பிரிங் முறையிலும், மாடல் என்னும் பையின் ஆயுள் வழக்கமாக ஒரு வேண்டுகோள் அளவே.

ஜாவா பயிலும் மாணவர்கள் இதைச் சோதித்தே பார்க்கலாம். பெயரை வாங்கி அப்ளிகேஷன் பையில் இட்டு, 10 விநாடி காத்திருந்து, பிறகு பக்கத்தில் காட்டும்படி ஒரு சிறு சர்வ்லெட் எழுதுங்கள். இரண்டு கணிப்பொறிகளில், சில விநாடி இடைவெளியில், இரு வேறு பெயர்களைத் தட்டுங்கள். இரண்டு திரையிலும் இரண்டாம் பெயரே வரும். பிறகு பையை மட்டும் ரிக்வெஸ்டாக மாற்றி மீண்டும் செய்து பாருங்கள். அவரவர் பெயர் அவரவர் திரையில் வரும்.