உள்ளிருந்து திறக்காத பூட்டு



கோடைகாலக் குடும்ப முகாமுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. இவ்வாண்டு நம் சபையில் நான்கு குடும்பத்தினர் பயண டிரெய்லர்களைக் கொண்டுவருகிறார்கள். அவற்றுள் இரண்டு நம்மில் பலர் பிறப்பதற்கு முன்னரே செய்யப்பட்டவை. அந்த இரண்டில் ஒன்றின் கதவுப் பூட்டு உடைந்துபோயிருக்கிறது. கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேநீர் வேளையில் இதைப் பற்றி மூன்று கருத்துகளைக் கேட்டேன். பழைய பூட்டையே பழுதுபார்த்து அதன் அழகைக் காக்க வேண்டும் என்றனர் சிலர். எண்களை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டை மாட்டிவிடலாம் என்றனர் வாலிபர். மூத்த சகோதரர் ஒருவரோ, "மூன்று நாள் முகாம்தானே, வெளியே ஒரு கொண்டியும் தொங்குபூட்டும் போதும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

முதல் இரண்டு கருத்துகளைப் பற்றிப் பேசலாம். மூன்றாவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வயதில் மூத்தவரை மறுத்துப் பேசுவதாக எண்ணாமல் காரணங்களைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

திண்டுக்கல் பூட்டின் பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பூட்டு என்றாலே கள்வனைத் தடுக்கும் கருவி என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. பழைய டிரெய்லரைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தாது. 1930களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாலி பயாம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களை உருவாக்கத் தொடங்கினார். 1936இல் வெளிவந்த அவருடைய 'கிளிப்பர்', விமானத்தின் உடலைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. போருக்குப் பின் வந்த ஷாஸ்டா போன்ற எளிய வண்டிகளில் மரச்சட்டத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தப்பட்டிருந்தது. இரண்டிலும் சுவர் தகடுதான். கதவு வெளிப்புறமாகத் திறப்பதால் கீல்களும் வெளியிலேயே இருக்கின்றன. திருட வருகிறவனுக்குப் பூட்டைத் தொட வேண்டிய தேவைகூட இல்லை. அன்றியும், அமெரிக்க முகாம் வண்டிகளின் சாமான் அறைகளில் சி.ஹெச். 751 என்ற எண்ணுள்ள ஒரே சாவி எண்ணற்ற வண்டிகளுக்குப் பொதுவாக இருந்துவருகிறது. அந்தச் சாவி நம் சபையில் மட்டுமே எத்தனை பேரிடம் இருக்கிறதோ! உங்கள் சாவிக்கொத்தை எடுத்துப் பாருங்கள்.

அப்படியானால் அந்தக் கதவின் பூட்டு செய்யும் வேலை என்ன? வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது கதவு திறந்து காற்றில் அடித்து முறிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரவில் மழையையும் பூச்சியையும் விலக்குகிறது. உறங்குகிறவருக்கு மறைவு தருகிறது. இவை அனைத்துக்கும் மேலாக, உள்ளே இருப்பவர் வெளியே வர விரும்பும் நொடியில் அவருக்கு வழிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையில் தவறும் பூட்டு மற்ற வேலைகளையெல்லாம் செம்மையாகச் செய்தாலும் அதை நல்ல பூட்டு என்று நான் ஏற்கமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் நடந்ததை உங்களில் பழையவர்கள் அறிவீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, மாலையில் சற்றுப் படுத்திருந்துவிட்டு எழுந்து டிரெய்லர் கதவைத் திறக்க முயன்றார். கைப்பிடி வெறுமனே சுழன்றது. பூட்டின் நாக்கு அசையவில்லை. உள்ளே இருந்த ஒரு சிறு துண்டு உடைந்து, கைப்பிடிக்கும் நாக்குக்கும் இருந்த தொடர்பு அறுந்திருந்தது. சன்னலோ கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய பழைய வகை. பிடியைச் சுழற்றினால் பட்டைகள் சாய்ந்து காற்று வரும், ஆனால் ஒரு மனிதர் அதன் வழியே வெளியேற முடியாது. நாமெல்லாரும் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கைத்தாளத்தோடு பாடிக்கொண்டிருந்தோம். அவர் கூப்பிட்டது எவர் செவியிலும் விழவில்லை. கண்ணாடிப் பட்டைகளின் இடைவெளியில் சேலைத் தலைப்பை நுழைத்து அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த ஒரு சிறுவன் அதைக் கண்டு ஓடிவந்து சொன்னான். வெளியே இருந்த கீல்களின் முளைகளைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றினோம். அம்மா இறங்கிவந்து, முதல் வேலையாக அந்தச் சிறுவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அன்று அடுப்பு எரியவில்லை. எரிவாயு கசியவும் இல்லை. அதனால் அந்த நிகழ்ச்சியை இன்று புன்னகையோடு நினைவுகூர முடிகிறது.

வெளியே கொண்டி மாட்டித் தொங்குபூட்டு இடுவதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இப்போது விளங்கியிருக்கும். உள்ளே இருப்பவருக்கு அந்தப் பூட்டின்மீது எந்த அதிகாரமும் இல்லை. பிள்ளை ஒன்று மேல் படுக்கையில் போர்வைக்குள் உறங்குவதை அறியாமல், பொறுப்புள்ள ஒருவர் "எல்லாரும் இறங்கிவிட்டார்கள்" என்று எண்ணிப் பூட்டிவிட்டு ஏரிக்கரைக்குப் போக முடியும். கோடை வெயிலில் மூடிய தகட்டு அறை எவ்வளவு விரைவில் சூடேறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உட்புறம் தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொள்வதும் தீர்வு ஆகாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியே நிற்கும் நாம் என்ன செய்வோம்? மிகக் கொடியது, உள்ளும் புறமும் சாவி போட்டே திறக்க வேண்டிய பூட்டு. புகை சூழ்ந்த இருளில் சாவியைத் தேடுமாறு ஒரு தாயிடம் நாம் சொல்லலாமா?

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 விண்கலத்தில், ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது தீப்பற்றியது. கிரிசம், ஒயிட், சாஃபி என்னும் மூன்று விண்வெளி வீரர்கள் மாண்டனர். அந்தக் கலத்தின் கதவு உள்நோக்கித் திறக்கும்படி அமைந்திருந்தது. தீயினால் உள்ளே அழுத்தம் ஏறியபோது அதை இழுத்துத் திறக்க எந்த மனித வலிமையும் போதவில்லை. அதன் பின்னரே, நொடிகளில் வெளிநோக்கித் திறக்கும் கதவை வடிவமைத்தார்கள். இதில் வியப்புக்குரிய ஒரு தொடர்ச்சியும் உண்டு. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரையும், நிலவின் கிருமி ஏதேனும் பரவிவிடக்கூடாது என்று தனிமைப்படுத்தி வைத்தார்களே, அந்த நடமாடும் அறை மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்தான்.

கதவைத் தட்டி நிற்கும் கிறிஸ்துவை ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கில ஓவியர் 'உலகின் ஒளி' என்ற தலைப்பில் தீட்டினார். அதைத் தழுவிய படங்கள் நம் வீட்டு நாள்காட்டிகளில் உண்டு. அந்தக் கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. அதைக் கொண்டு போதகர்களாகிய நாங்கள் என்ன பிரசங்கிப்போம் என்பது உங்களுக்கு மனப்பாடம். இங்கே அதைத் தொடப்போவதில்லை. ஒரு தச்சரின் கண்ணோடு மட்டும் அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள் என்கிறேன்.

இனி, உடைந்த பூட்டை என்ன செய்வது? முதலில் உடைந்தது பூட்டுதானா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பலமுறை பழி பூட்டின்மேல் விழுகிறது. குற்றம் நிலைச்சட்டத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். நாக்கு தடையின்றி உள்ளே போய் வெளியே வந்தால் பூட்டு நலமாக இருக்கிறது. நாக்கின் முனையில் சிறிது சுண்ணக்கட்டியைப் பூசிக் கதவை மூடித் திறந்தால், எதிர்ப்புறத் தகட்டில் அது எங்கே இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். மூலைகளில் வைக்கும் ஜாக்கிகள் வண்டி ஆடாமல் நிறுத்துவதற்கானவை. அவற்றைக் கொண்டே வண்டியைத் தூக்கிச் சமப்படுத்த முயன்றால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும்; கதவு நிலை கோணலாகும்; காலையில் நன்றாகத் திறந்த கதவு மாலையில் இறுகிக்கொள்ளும். ஜாக்கியைச் சற்று இறக்கினாலே கதவு விடுபடுவதை நான் கண்டிருக்கிறேன். அதை அறியாதவர் கைப்பிடியைப் பலங்கொண்டு திருகுகிறார். அப்போதுதான் பூட்டு உண்மையிலேயே உடைகிறது. அந்தக் காலத்துப் பூட்டுகளின் உட்பாகங்கள் பல, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்பட்டவை. முதுமையில் அவை வளைவதில்லை. பிஸ்கட்டைப் போல நொறுங்குகின்றன.

கதவைச் சுற்றியுள்ள மரத்தையும் ஒரு கூரிய முனையால் குத்திப் பாருங்கள். தகட்டு இணைப்புகளின் வழியே பல்லாண்டு கசிந்த மழைநீர் மரத்தை மக்கச் செய்திருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த பூட்டை வாங்கினாலும் திருகாணி அதில் நிற்காது. மரவேலை முதலில், பூட்டு பிறகு.

பூட்டே உடைந்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். அக்காலத்து டிரெய்லர் கதவுகளில் 'பார்க்மேன்' என்ற பெயர் பொறித்த கைப்பிடிகளை அடிக்கடி காணலாம். பல நிறுவனத்தாரும் அவற்றை வெளியே வாங்கிப் பொருத்தியதால், அவ்வகைக்கு உதிரிப் பாகங்களும், அதே வடிவில் புதிதாகச் செய்தவையும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. உடைந்தது ஸ்பிரிங் மட்டும் என்றால் செலவு சொற்பம். சாவி தொலைந்திருந்தால், பூட்டின் முகத்தில் எண் ஏதேனும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அனுபவமுள்ள பூட்டுத் தொழிலாளி அதைக் கொண்டே சாவி வெட்டித் தரக்கூடும். எண் இல்லாவிட்டால் பூட்டைக் கழற்றி அவரிடமே கொண்டுசெல்லுங்கள். சாவித் துளையில் சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். கிராஃபைட் தூள் சிறிது போதும்.

எனவே, பழைய கைப்பிடியைக் காக்க வேண்டும் என்போருடன் நான் உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. அறுபது ஆண்டு உழைத்த அந்த ஒரு பூட்டை மட்டும் நம்பி எவரையும் உள்ளே உறங்கவிடக் கூடாது. அதற்கு மேலே தனியாக ஒரு டெட்போல்ட் பொருத்துங்கள். வெளியே சாவி, உள்ளே சாவி தேவைப்படாத திருகுபிடி. மாற்றுச்சாவி முகாமில் வேறொரு குடும்பத்தாரிடம் இருக்கட்டும். ஓடும் வண்டியில் கதவு திறந்துகொள்ளாமலும் அது காக்கும். கதவில் புதிதாகத் துளையிட்டால் வண்டியின் மதிப்பு குறையும் என்று சேகரிப்பாளர்கள் வருந்துவார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியானால் அவர்கள் பக்கம் நானும் நிற்பேன். நம் வண்டிகளில் பிள்ளைகள் உறங்குகிறார்கள். மின்னணுப் பூட்டை விரும்பும் வாலிபருக்கும் ஒரு சொல்: வீட்டுக் கதவுக்கெனச் செய்த கனத்த பூட்டு இந்த மெல்லிய கதவில் சரியாக அமராது. டிரெய்லருக்கென்றே செய்த வகையை வாங்குங்கள்; மின்கலம் தீர்ந்தாலும் உள்ளிருந்து கையால் திறக்க முடிகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இக்காலத்து வண்டிகளில் உள்ளதைப் போன்ற அவசரச் சன்னல் உங்கள் பழைய வண்டியில் இல்லையென்றால், கதவைக் குறித்து இருமடங்கு கவனம் தேவை.

வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்கு வண்டிகளையும் ஆலயத்தின் வாகன நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். தச்சு வேலை அறிந்த சகோதரர் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியிலும் உறங்கப்போகிறவர்களுள் மிகச் சிறிய பிள்ளையும் மிக முதிர்ந்த பெரியவரும் உடன் வரட்டும். திரைகளை மூடி, விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் ஒவ்வொருவரும் தனியாகக் கதவைத் திறந்து இறங்கிவர வேண்டும். இறங்கமுடியாத வண்டி முகாமுக்கு வர வேண்டாம். அந்தக் குடும்பத்தாருக்குக் கூடாரம் ஒன்றைச் சபையே ஏற்பாடு செய்யும்.