ஆங்கில மெய்யொலி வகைப்பாடும் ‘ஒலிப்பு’ என்னும் ஒற்றை அளவுகோலும்

முன்னுரை

தமிழ் – ஆங்கில ஒலியனியல் ஒப்பாய்வுகளில் ஒரு முடிவு அடிக்கடி இடம்பெறுகிறது. ஆங்கில வெடிப்பொலிகள் ஒலிப்பிலா ஒலி, ஒலிப்புடை ஒலி என இணையிணையாக அமைகின்றன. தமிழில் ஒலிப்புடை வெடிப்பொலிகள் இல்லை. எனவே தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் இடர்ப்படுகின்றனர் என்பதே அது. இம்முடிவு தமிழைக் குறையுடைய மொழியாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தையும் உள்ளவாறு விளக்கவில்லை. ஆங்கில மெய்களைத் தமிழில் விளக்கும் நூல்கள் ஒலிப்பு என்னும் ஓர் அளவுகோலோடு நின்றுவிடுவதே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

வகைப்பாட்டின் அடிப்படை

ஆங்கில மெய்யொலிகளை மூன்று வினாக்களின் வழி வகைப்படுத்துவது மரபு. ஒலி எவ்விடத்தில் பிறக்கிறது? காற்று எம்முறையில் தடைபடுகிறது? குரல்நாண்கள் அதிர்கின்றனவா? பிரித்தானியத் தர ஒலிப்பில் மெய்யொலியன்கள் 24. அவற்றுள் வெடிப்பொலி 6, உரசொலி 9, அடைப்புரசொலி 2, மூக்கொலி 3, மருங்கொலி 1. உறுப்புகள் நெருங்கியும் உரசல் தோன்றாத அணுகொலி 3. இவற்றில் 16 ஒலிகள் ஒலிப்பு ஒன்றால் மட்டும் வேறுபடும் எட்டு இணைகளாகக் கருதப்படுகின்றன.

முதல் இரு வினாக்களும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. இதழ், பல், நா, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்துகள் பிறக்குமாற்றைத் தொல்காப்பியப் பிறப்பியல் விரித்துரைக்கிறது. மூன்றாம் வினாவுக்கு ஏற்பத் தமிழில் தனித்தனி எழுத்துகள் அமையவில்லை. ‘பல்’ என்பதில் ஒலிப்பின்றித் தோன்றும் பகரம் ‘தம்பி’ என்பதில் ஒலிப்புடன் தோன்றுகிறது. ஒலி நிற்கும் இடமே ஒலிப்பை வரையறுக்கிறது. இவ்வியல்பைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலேயே தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். ஆகவே தமிழில் ஒலிப்புடை ஒலிகள் இல்லை என்பது பிழை. அவை மாற்றொலிகளாக உள்ளன. இயல்பான தமிழ்ச் சொற்களில் பொருள் வேறுபடுத்தும் தனி ஒலியன்களாக இல்லை என்பதே சரியான கூற்று.

சொன்முதல் நிலை

குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘பின்’ என்றே எழுதுகிறோம். முன்னதன் முதலொலி ஒலிப்பற்றது, பின்னதன் முதலொலி ஒலிப்புடையது எனப் பாடநூல் கூறும். ஆனால் ஆங்கிலேயர் பேச்சில் பின்னதன் முதலொலி, இதழ்கள் திறக்கும் வரை அதிர்வின்றியோ சிறிதளவே அதிர்வுற்றோ பிறப்பது இயல்பு. அவர்கள் செவி இரு சொற்களையும் பெரிதும் மூச்சினாலேயே பிரித்தறிகிறது. முன்னதில் இதழ்கள் திறந்த பின்னர் மூச்சு வெளிப்பட்டு, அதன் பிறகே உயிரின் அதிர்வு தொடங்குகிறது.

லிஸ்கர், ஆப்ராம்சன் ஆகிய இருவரும் 1964இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளவிட்டுக் காட்டியது. அடைப்பு திறத்தலுக்கும் அதிர்வு தொடங்குதலுக்கும் இடைப்பட்ட காலத்தை அவர்கள் 11 மொழிகளில் அளந்தனர். தமிழும் அவற்றுள் ஒன்று. ஆங்கில ஒலிப்பிலா வெடிப்பொலிகளில் இக்காலம் ஏறத்தாழ 60 முதல் 80 மில்லி நொடி வரை நீள்கிறது. தமிழ் ஒலிப்பிலா வெடிப்பொலிகளில் இது மிகக் குறுகியது. எனவே தமிழர் மூச்சின்றி ஒலிக்கும் பகரம், ஒலிப்பிலாததாகவே இருப்பினும், ஆங்கிலேயர் செவிக்கு அதன் ஒலிப்புடை இணையாகப் படக்கூடும். இங்கே மாணவருக்குத் தேவையான பயிற்சி மூச்சைப் பற்றியது. குரல்நாண் அதிர்வை மட்டும் வற்புறுத்துவதால் இவ்விடர் தீராது.

சகர உரசொலியை அடுத்து வரும்போது ஆங்கிலப் பகரமும் மூச்சை இழக்கிறது. சுழற்றுதலைக் குறிக்கும் ‘ஸ்பின்’ என்னும் சொல்லில் உள்ள பகரம் தமிழ்ப் பகரத்தை ஒத்தது. தமிழ் மாணவர் அறிந்த ஒலியிலிருந்து அறியாத ஒலிக்குச் செல்ல இது நல்ல வாயிலாகும்.

சொல்லிறுதி நிலை

முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழெழுத்தில் ‘பேக்’ என ஒன்றாகின்றன. ஆங்கிலத்தில் இறுதி ஒலிப்புடை வெடிப்பொலி பெரும்பாலும் அதிர்வு குன்றியே முடிகிறது. வேறுபாட்டை முதன்மையாக உணர்த்துவது அதற்கு முன் நிற்கும் உயிரின் அளவு. ஒலிப்பிலா மெய்க்கு முன் உயிர் குறுகும். ஒலிப்புடை மெய்க்கு முன் அவ்வாறு குறுகாது. தமிழில் வல்லின மெய் சொல்லுக்கு ஈறாவதில்லை. ஆதலின் தமிழர் இறுதியில் உகரம் சேர்த்து ஒலிக்கும்போது, செவிக்கு உதவும் இவ்வுயிரளவு வேறுபாடு மங்கிவிடுகிறது.

இக்காரணங்களால்தான் கிம்சன் போன்ற ஒலியியலார் இவ்விணைகளை ஒலிப்பால் மட்டுமன்றி முயற்சியின் இறுக்கம், தளர்வு ஆகியவற்றாலும் வேறுபடுத்தினர். இவற்றை வன்மை, மென்மை எனத் தமிழாக்குவது மயக்கம் தரும். நம் மரபில் மெல்லினம் என்பது மூக்கொலிகளையே குறிக்கும். ‘இறுக்கொலி’, ‘தளர்வொலி’ என்னும் சொற்களை இங்கு முன்மொழியலாம்.

முடிவுரை

இந்திய ஆங்கிலம் தனக்கென ஒலிப்பியல்பு கொண்ட வகை; ஆங்கிலேயரைப் போல ஒலிக்க வேண்டிய தேவையில்லை என்று சிலர் கூறலாம். அது ஏற்கத்தக்கதே. எனினும் பிறரைப் போல ஒலித்தல் வேறு, பிறர் ஒலிப்பைச் சரியாக விளக்குதல் வேறு. பின்னது ஆய்வாளர் கடமை; கேட்டுணர்தலுக்கும் அதுவே துணை.

ஆகவே ஆங்கில மெய்யொலிகளைத் தமிழில் விளக்கும் அட்டவணைகளில் பிறப்பிடம், பிறப்பு முறை, ஒலிப்பு ஆகியவற்றுடன் சொன்முதல் மூச்சு, ஈற்றயல் உயிரின் அளவு ஆகிய இரண்டையும் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்தால், மாணவரின் இடர்ப்பாட்டுக்குத் தமிழின் குறை காரணமன்று என்பதும், இரு மொழிகளும் ஒலிவேறுபாட்டை வெவ்வேறு வகையில் பயன்கொள்வதே காரணம் என்பதும் புலனாகும்.